பேச்சுவார்த்தை: சொல் விளக்கம்

இரண்டு அரசுகள் ஒரு சிக்கலைத் தீர்க்க ஆள் அனுப்பி முறையாகப் பேசுவதைச் செய்தித்தாள்கள் பேச்சுவார்த்தை என்கின்றன. வீடுகளில் இந்தச் சொல்லின் புழக்கம் வேறு. பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ "அந்த ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது" என்றால், எதிரே வந்தாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அர்த்தம். எனக்கு இந்த வீட்டுப் பொருள்தான் அடிப்படையாகத் தெரிகிறது. பேச்சு அற்றுப்போகாமல் இருப்பதுதான் பேச்சுவார்த்தை. முடிவு அப்புறம் வரலாம், வராமலும் போகலாம்.

'பேச்சு' நம் 'பேசு' என்ற வினையிலிருந்து வந்தது. 'வார்த்தை' வடமொழி 'வார்த்தா'. அங்கே அதற்குச் செய்தி என்று பொருள். தெலுங்கிலும் மலையாளத்திலும் இன்றைக்கும் அப்படித்தான். தமிழில் அது 'சொல்' என்று மாறி நிலைத்துவிட்டது. வடமொழிப் பொருள்நூல்களில் உழவு, கால்நடை, வாணிகம் ஆகிய பிழைப்பு வழிகளுக்கும் வார்த்தா என்றே பெயர். சண்டை சச்சரவு, பழக்கவழக்கம் என்று ஒத்த சொற்களை இணைத்துப் பேசும் வழக்கப்படி இவை இரண்டும் சேர்ந்துகொண்டன.

அரசர்களுக்குள் சமாதானம் பேசி முடிப்பதைச் 'சந்து செய்தல்' என்றார்கள். அதுவும் வடமொழி 'சந்தி'யின் உறவுதான். உறையூர்க் கோட்டைக்குள் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் வெளியே முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் இடையே கோவூர்கிழார் செய்தது அதைத்தான். இருவரில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று சோழர் இருவருக்கும் அவர் எடுத்துச்சொன்னது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்தச் சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. பேச்சுவார்த்தையும் உடன்படிக்கையும் ஒன்றல்ல. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டது உடன்படிக்கை. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது அதனால்தான். 1985-இல் திம்புவில் இலங்கை அரசும் தமிழ் அமைப்புகளும் இந்தியாவின் ஏற்பாட்டில் சந்தித்தது வெறும் பேச்சுவார்த்தை. உடன்பாடு எட்டாமலே முறிந்தது. 1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டது மறுபடியும் உடன்படிக்கை. கையெழுத்து இரண்டு அரசுகளுடையது. களத்தில் ஆயுதம் ஏந்தியிருந்தவர்கள் அதில் கையெழுத்திடவில்லை. அக்டோபரில் மீண்டும் சண்டை. பிறகும் பல ஆண்டுகள் குடும்பங்கள் படகேறி இந்தக் கரைக்கு வந்துகொண்டே இருந்தன. மண்டபம் முகாமில் அகதிகளாகப் பதிவானவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் அகராதி பார்த்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீனவர் விஷயத்திலும் அப்படியே. விசைப்படகு பிடிபட்டு ஆட்கள் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கும்போது, சாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அதிகாரி வந்து "பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு" என்பார். அவர்களுக்கு வேண்டியது "பேசி முடிச்சாச்சு" என்ற பதில். கல்யாணத்துக்கும் நிலத்துக்கும் இந்த ஊர்களில் சொல்வது அதையே. 'பேசி முடித்தல்' என்ற தொடரில் உடன்பாடு வந்துவிட்டது என்பது அடங்கியிருக்கிறது. 'பேச்சுவார்த்தை'யில் அது இல்லை. இரண்டு நாடுகளும் 2016-இல் மீன்பிடிக்கென்று கூட்டுப் பணிக்குழு அமைத்துப் பேசிவருகின்றன. படகுகள் பிடிபடுவது நிற்கவில்லை.

சரி, தூய தமிழில் எப்படி எழுதலாம்? 'பேச்சு' ஒன்றே போதும். அமைதிப் பேச்சு, முதல் சுற்றுப் பேச்சு, இருதரப்புப் பேச்சு என எல்லாம் இயல்பாக வருகின்றன, இதழ்களும் எழுதுகின்றன. 'கலந்துரையாடல்' இதற்கு ஈடாகாது, அதில் கொடுக்கல் வாங்கல் இல்லை. 'தூது' ஒருவர் சேதியை மற்றவரிடம் கொண்டுசேர்ப்பதோடு நின்றுவிடும். பேச்சின் முடிவில் இருதரப்பும் ஏற்றால் உடன்பாடு, அதை எழுதிக் கையெழுத்திட்டால் உடன்படிக்கை. பேசிக் கலைந்த கூட்டத்தை 'உடன்பாடு எட்டப்பட்டது' என்று தலைப்பிடும் செய்தியாளர்கள், கரையில் காத்திருக்கும் குடும்பங்களை நினைத்தாவது அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.