ஜீரோ அவர்: சுழிய நேரமா, நேரமில்லா நேரமா?

தமிழ்நாட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மக்களவை உறுப்பினர் ஒருவர் தம் தொகுதியின் குறையை டெல்லியில் எழுப்பினார் என்று செய்தி வரும்போது, பெரும்பாலும் அதன் இரண்டாவது வரியில் ஒரு சொல் வந்து நிற்கும். ஒரு நாளிதழில் அது ‘பூஜ்ய நேரம்’, இன்னொன்றில் ‘நேரமில்லா நேரம்’, தொலைக்காட்சியில் ‘ஜீரோ அவர்’, தனித்தமிழ் விரும்புவோர் எழுத்தில் ‘சுழிய நேரம்’. நான்கும் குறிப்பது ஒன்றையே: நிகழ்ச்சி நிரலில் இல்லாத அவசரச் செய்திகளை உறுப்பினர்கள் அவையில் எழுப்பும் நேரம். எதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யுமுன், அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் ஆங்கிலத் தொடர் சொல்வது ஒன்று, நம் நாடாளுமன்றத்தில் அதற்கு ஏற்பட்டுவிட்ட பொருள் வேறொன்று.

முதலில் சொல்லின் வேர். ‘சூன்யம்’ என்ற வடசொல்லின் ‘வெறுமை’ என்னும் பொருளை அரபியர் ‘ஸிஃப்ர்’ என்று தம் மொழியில் ஆக்கிக்கொண்டனர். அது லத்தீனில் ‘ஸெஃபிரும்’ ஆகி, இத்தாலியில் ‘ஸெரோ’ என்று தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து ‘ஜீரோ’ ஆயிற்று. நம் தாத்தாக்கள் கணக்குப் பரீட்சையில் வாங்கியதாகச் சொல்லும் ‘சைபர்’ என்பதும் அதே அரபிச் சொல்லின் மறு கிளைதான். ‘அவர்’ என்பது கிரேக்க ‘ஹோரா’; அதை வடமொழிச் சோதிடர்கள் ‘ஹோரை’ என்று கடன் வாங்க, தமிழில் அது ‘ஓரை’ ஆயிற்று. பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, சனி ஓரை என்று பார்க்கிறோமே, அந்த ஓரை ஒன்றின் அளவு சரியாக ஒரு மணி நேரம். ஆகவே வேர்ச்சொல்லைத்தான் பிடிப்பேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் ‘சுழி ஓரை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். படிப்பவர் நாடாளுமன்றத்தை விட்டுவிட்டு நல்ல நேரம் பார்க்கப் போய்விடுவார்.

இத்தொடரைப் பரப்பியது படைத்துறை. முதல் உலகப் போரில் ஒரு தாக்குதல் தொடங்க வேண்டிய கணத்தைச் சுழியாக வைத்து, அதற்கு இத்தனை நிமிடம் முன்பு பீரங்கி, இத்தனை நிமிடம் பின்பு காலாட்படை என்று இரு புறமும் எண்ணினார்கள். கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டு பதுங்குகுழிகளில் காத்திருந்தவர்களுக்கு அது செயல் தொடங்கும் புள்ளியே தவிர, ஒரு மணி அளவுள்ள நேரம் அன்று. இந்தப் பொருளுக்குத் தமிழில் ‘சுழி’ அழகாகப் பொருந்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆற்றில் சுழி, தலையில் சுழி, மாட்டுக்குச் சுழி பார்த்து வாங்குவது என்று பல பொருள்கள் இருந்தாலும், எழுதத் தொடங்குமுன் நாம் போடுவது பிள்ளையார் சுழி. தொடக்கம் என்ற குறிப்பு அந்தச் சொல்லோடு ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. இலக்கம் நிற்கும் இடத்தால் அதன் மதிப்பு மாறும் இடம்சார் எண்முறை பரவுமுன் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் வைத்து எழுதிய தமிழுக்குச் சுழிக் குறி தேவைப்படவில்லை என்றாலும், சொல் பழையது.

இந்திய நாடாளுமன்றத்துக்கு இத்தொடர் வந்தது 1960களின் தொடக்கத்தில். மக்களவை காலை 11 மணிக்குக் கூடும்; முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம்; 12 மணிக்கு அது முடிந்ததும், நிகழ்ச்சி நிரலில் உள்ள அலுவல் தொடங்குமுன், உறுப்பினர்கள் முன்னறிவிப்பு இல்லாமலே எழுந்து அவசரச் செய்திகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த இடைவெளி சில நாள்களில் பகல் உணவு இடைவேளையாகிய 1 மணி வரை நீண்டது. நண்பகல் 12 மணியில் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீண்டதும் சேர்ந்து இப்பெயரை நிலைக்கச் செய்தன. விந்தை என்னவென்றால், அவையின் நடைமுறை விதிகளில் இப்படியொரு நேரமே இல்லை. அவைக் குறிப்பிலும் இப்பகுதி ‘அவசரப் பொது முக்கியத்துவம் வாய்ந்த பொருள்கள்’ என்ற தலைப்பில்தான் அச்சாகிறது. விதியில் இல்லாததால் விதியால் கட்டுப்படுத்தவும் முடியாமல் கூச்சல் பெருகியபோது, ஒன்பதாவது மக்களவையின் தலைவராயிருந்த ரபி ராய் அதற்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார்.

அந்த ஒழுங்கு படிப்படியாக இறுகி வந்திருக்கிறது. பேச விரும்புபவர் அன்று காலை 10 மணிக்குள் பொருளைக் குறிப்பிட்டு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வந்தவற்றில் குலுக்கல் போட்டு நாளொன்றுக்கு 20 பொருள்களை எடுப்பது வழக்கம். வரிசையை முடிவு செய்வது அவைத் தலைவரின் உரிமை. கிராமப்புறத் தொகுதியின் உறுப்பினருக்கு நெருடும் இடம் இனிதான் வருகிறது. தேசிய அளவிலோ உலக அளவிலோ முக்கியமானவை என்று தலைவர் கருதும் ஐந்து பொருள்கள் கேள்வி நேரத்தை அடுத்து எடுக்கப்படும். மற்றவை மாலை 6 மணிக்கு மேல், அன்றைய அலுவல் முடிந்த பிறகு. ஒரு கிராமத்துக்கும் அதன் வயல்களுக்கும் நடுவே போகும் ரயில் பாதையில் இருந்த கேட்டை மூடிவிட்டு, பதிலாகக் கட்டிய சுரங்கப்பாதையில் மழைக்காலம் முழுவதும் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெல் மூட்டை ஏற்றிய வண்டி சுற்றிப் போகிறது, பள்ளிப் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். அந்த ஊருக்கு இதைவிட அவசரம் வேறில்லை. ஆனால் தேசிய அவசரம் என்ற சல்லடையில் இது தங்காது. உறுப்பினர் மாலை வரை காத்திருந்து, பாதிக்கு மேல் காலியான இருக்கைகளை நோக்கி, ஓரிரு நிமிடத்தில் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். கட்சித் தலைவர்களுக்குக் கிடைக்கும் 12 மணி வெளிச்சம் அவருக்குக் கிடைப்பது அரிது. தாராளமான நாள்களும் உண்டு: 2019 ஜூலையில் ஒரு நாள் 160க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இந்நேரத்தில் பேச வாய்ப்புப் பெற்றார்கள்.

தமிழ்நாட்டு உறுப்பினர் தமிழில் பேசலாம். அரசமைப்பின் 120ஆவது கூறு இந்தியையும் ஆங்கிலத்தையும் அவையின் மொழிகளாக வைத்தாலும், தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாடும் உண்டு. அவைக் குறிப்பில் அந்தப் பேச்சுக்கு அருகே ஓர் உடுக்குறி (*) இருக்கும். அது, தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று பக்க அடியில் சொல்லும். வேறு உறுப்பினர்கள் அதே குறை தங்கள் தொகுதியிலும் உண்டு என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், அவர்களும் உடன்பட்டதாகப் பெயர்கள் சேர்க்கப்படும். அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் பேச்சைத் தொகுத்து உரிய அமைச்சகத்துக்கு அனுப்பும். பதில் கடிதமாக வந்தால் உண்டு.

மாநிலங்களவையில் கதை சற்று வேறு. அங்கே ஒருவருக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் ஒலிவாங்கி தானாகவே அணைந்துவிடும். 2014 நவம்பர் முதல் கேள்வி நேரத்தை அங்கு 12 மணிக்குத் தள்ளிவிட்டதால், ஜீரோ அவர் காலை 11 மணிக்கே வந்துவிடுகிறது. நண்பகலை வைத்துப் பெயருக்குச் சொல்லப்பட்ட காரணம் அந்த அவையில் இப்போது பொருந்தாது. மக்களவையிலும் பெரும்பகுதி மாலைக்குப் போய்விட்டது. 2020 செப்டம்பரில், கொரோனாக் காலக் கூட்டத்தொடரில், கேள்வி நேரமே நீக்கப்பட்டு இந்நேரம் 30 நிமிடமாகச் சுருங்கியது. ஆகச் சுழியும் கழன்றுவிட்டது, மணியும் கழன்றுவிட்டது. விதிநூலில் இடம்பெறாத நேரம் என்ற ஒன்றுதான் தொடக்கத்திலிருந்து மாறாமல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் தமிழாக்கங்களை எடை போட வேண்டும். இந்தியில் ‘சூன்ய கால்’, மலையாளத்தில் ‘சூன்யவேள’, கன்னடத்தில் ‘சூன்ய வேளெ’ என்று நேராகப் பெயர்த்துக்கொண்டார்கள். தமிழால் அந்த வழியில் போக முடியாது; நம்மிடம் சூனியம் என்றால் வைப்பதும் எடுப்பதுமான வேறு தொழில். ‘பூஜ்ய நேரம்’ என்பதில் பழுதில்லை, ஆனால் பயனும் குறைவு. பூஜ்யம் என்பது வணங்கத்தக்கது என்று பொருள்படும் வடசொல். தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் அது எண்ணின் பெயராகிவிட்டது. பூஜ்ய நேரம் என்று கேட்கும் ஒருவருக்கு அது எதற்கான நேரம் என்று எதுவும் தோன்றாது. வேண்டுமானால் ஒன்றும் நடக்காத நேரம் என்று தோன்றும். ‘சுழிய நேரம்’ தமிழ் வேரால் ஆனது, படைத்துறைப் பொருளுக்கு ஏற்றது. நாடாளுமன்றப் பொருளுக்கு அதுவும் வெறும் சொல்லுக்குச் சொல்தான்.

‘நேரமில்லா நேரம்’ அப்படியன்று. தமிழ்நாடு சட்டப்பேரவை நடவடிக்கைகளிலும் அவற்றைப் பற்றிய செய்திகளிலும் ஊன்றிவிட்ட இத்தொடர், ஆங்கிலச் சொல்லை விட்டுவிட்டுச் செயலைப் பெயர்த்திருக்கிறது. ‘இல்லாத’ என்ற எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டு ‘இல்லா’ என நிற்க, ஒதுக்கப்பட்ட நேரம் எதுவும் இல்லாத ஒரு நேரம் என்ற பொருள் முரணாகவே வெளிப்படுகிறது. முரணும் நமக்குப் புதிதன்று. இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டும் விருந்தாளியை ‘நேரங்கெட்ட நேரத்துல வந்து நிக்கிறியே’ என்று வீட்டில் கடிந்துகொள்வோமே, அந்த வழக்கின் ஓசை இதிலும் கேட்கிறது என்பது என் எண்ணம். ‘அவர்’ என்பதை ‘மணி’ ஆக்காமல் ‘நேரம்’ ஆக்கியதும் சரி. கேள்வி நேரம் என்று முன்பே பழகிவிட்டோம். ஒரே குறை, ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்லும்போது வரும் அவகாசமின்மைப் பொருளும் இதில் ஒட்டிக்கொள்கிறது. மாலை 6 மணிக்கு மேல் ஓரிரு நிமிடம் பெறும் உறுப்பினரைக் கேட்டால், அதைக் குறை என்று சொல்ல மாட்டார்.

பயன்படுத்தும்போது சில எச்சரிக்கைகள் தேவை. நாடாளுமன்றத்தில் எழுந்த எல்லா வட்டாரக் குரலையும் நேரமில்லா நேரத்துக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. 1974 ஜூலை 23 அன்று, கச்சத்தீவு உடன்படிக்கை பற்றி வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தபோது, உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து வந்து இராமநாதபுரம் தொகுதியின் உறுப்பினராயிருந்த பி. கே. மூக்கையாத் தேவர் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அது அமைச்சரின் அறிக்கையை ஒட்டி எழுந்த எதிர்ப்பு. இன்று அதே கடற்பகுதியில் மீனவர்கள் கைதாகும்போது கடலோரத் தொகுதி உறுப்பினர்கள் பேசுவதில் பெரும்பங்கு நேரமில்லா நேரத்தில் நடப்பது. இரண்டையும் ஒரே பெயரால் சுட்டினால் வரலாறு பிழையாகும்.

அதுபோலவே மக்களவை நடைமுறை விதி 377இன் கீழ் ஒரு குறையை எழுப்புவது வேறு. அதற்கு விதிநூலில் இடம் உண்டு; எழுத்து வடிவில், 250 சொல்லுக்குள் கொடுக்க வேண்டும்; அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. சுரங்கப்பாதைத் தண்ணீருக்கு உண்மையிலேயே ஒரு பதில் வேண்டுமென்றால் பட்டறிவுள்ள உறுப்பினர் இந்த வழியையும் விடமாட்டார். இதற்கு ‘விதி 377’ என்றே எழுதுவது போதும். நேரமில்லா நேரம் என்று எழுதுவது தவறு.

கடைசியாக, செய்திகளில் அன்றாடம் காணும் ஒரு வினைச்சொல். ‘நேரமில்லா நேரத்தில் கேள்வி எழுப்பினார்’ என்று எழுதுகிறார்கள். கேள்வி நேரம் முடிந்த பிறகு வருவது இது. இங்கே கேள்வியும் இல்லை, விடை சொல்லும் கடமையும் இல்லை. ‘கோரினார்’, ‘முறையிட்டார்’, ‘அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்’ என்பவற்றுள் ஒன்றை, பேச்சின் தன்மைக்கு ஏற்ப எழுதலாம்.