அடகுச் சீட்டும் தேர்தல் அறிக்கையும்

2022-ன் தொடக்கம். பல வருடங்களாக என்னிடம் கணக்குப் பார்க்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரண்டு அடகுச் சீட்டுகளோடு அலுவலகத்துக்கு வந்தார். இரண்டும் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகைக்கடன். அவர் பெயரில் மூன்றரைப் பவுன், அவர் மனைவி பெயரில் மூன்றரைப் பவுன். 2021 தேர்தலுக்கு முன் ஒரு பக்கம் ஆறு பவுன் வரை தள்ளுபடி என்றார்கள், இன்னொரு பக்கம் ஐந்து பவுன் வரை என்றார்கள். யார் வந்தாலும் நம் இரண்டு சீட்டும் உள்ளே வந்துவிடும் என்று நம்பி, அவர் அந்த வருடம் முழுக்க வட்டி கட்டுவதை நிறுத்திவிட்டார்.

தள்ளுபடி வந்தது. விதிகளும் கூடவே வந்தன. ஒரு குடும்பத்தின் மொத்த அடகு 40 கிராமுக்குள் இருக்க வேண்டும். குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் இருப்பவர்கள். இவருடையது மொத்தம் 56 கிராம். இரண்டு சீட்டும் பட்டியலில் இல்லை. ஒரு வருட வட்டி மட்டும் ஏறிக் கிடந்தது. "மேடையில ஐஞ்சு பவுன்னுதானேங்க சார் சொன்னாங்க" என்று அவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மேடையில் அப்படித்தான் சொன்னார்கள். ஆளுக்கா, குடும்பத்துக்கா என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தேர்தல் அறிக்கைகளை நான் வேறு மாதிரி படிக்கிறேன். "இந்தக் கட்சியால் இதைக் கொடுக்க முடியுமா?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் என் தொழில் எனக்குச் சொல்லித் தந்த கணக்கைத்தான் சொல்கிறேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

என் வேலையில் பாதி, வங்கிக் கடனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் தயாரிப்பது. எட்டு லட்சம் கடன் வாங்கி மாவு மில் வைக்க நினைக்கும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷின் கொட்டேஷன் எங்கே, கையிலிருந்து எவ்வளவு போடுகிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ அரைபடும், கரண்ட் பில் போக என்ன மிஞ்சும், தவணை எந்தப் பணத்திலிருந்து வரும் என்று மேனேஜர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைல் திரும்பி வரும். எட்டு லட்சத்துக்கே இவ்வளவு கேள்வி. ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி செலவாகும் திட்டத்தை அறிவிப்பவர்களிடம் அந்த ஒரு தாளை நாம் கேட்பதே இல்லை.

சரி, அந்தத் தாளை நாமே போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். இதில் சம்பளத்துக்கு 90,464 கோடி, ஓய்வூதியத்துக்கு 41,290 கோடி, வாங்கிய கடனுக்கு வட்டி 70,754 கோடி. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இந்த மூன்றையும் தொடாமல் எடுத்து வைத்தே ஆக வேண்டும். நூறு ரூபாய் வரவில் 61 ரூபாய் இதிலேயே போய்விடுகிறது. அடுத்து மானியங்களும் உதவித்தொகைகளும், 1,53,724 கோடி. இதை முழுக்க இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். ரேஷன் அரிசி, மின்மானியம், உள்ளாட்சிகளுக்குப் போகும் பணம் எல்லாம் இந்தத் தலைப்பில்தான் வரும். அதற்கே நூறில் 46 ரூபாய். பராமரிப்புக்கு இன்னும் ஐந்து ரூபாய். கூட்டிப் பாருங்கள், நூறு ரூபாய் வரவுக்கு நூற்றுப் பன்னிரண்டரை ரூபாய் செலவு. பற்றாக்குறை 41,635 கோடி. சாலை, பாலம், கட்டடம் போன்ற மூலதனச் செலவு 57,231 கோடி இதற்குள் வரவே இல்லை. அதற்கும் கடன்தான்.

கடன் வாங்கினால் என்ன, எல்லா மாநிலமும் வாங்குகிறதே என்று கேட்கலாம். வாங்கலாம், தவறில்லை. அந்த ஆண்டு முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்பது பட்ஜெட் மதிப்பீடு. மாநிலப் பொருளாதாரத்தின் அளவில் இது 26 சதவீதத்தை ஒட்டி வருகிறது. கேட்கப் பயமாக இருந்தாலும், இதை வைத்து மாநிலம் திவாலாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வருமானம் வளர்கிற குடும்பம் வீட்டுக்கடன் வாங்குவது போலத்தான் இது. ஆனால் இஷ்டத்துக்கு வாங்கவும் முடியாது. மத்திய அரசுக்குப் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதிதாகக் கடன் வாங்க, அரசியலமைப்பின் 293-வது பிரிவுப்படி மத்திய அரசின் சம்மதம் வேண்டும். ஆண்டு வரம்பு பொதுவாக மாநிலப் பொருளாதாரத்தில் 3 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். 2025-26-ல் திட்டமிட்ட நிதிப் பற்றாக்குறையே, அதாவது கடன் வாங்கி அடைக்க வேண்டிய மொத்தத் தொகையே, அந்த 3 சதவீதம்தான். அந்தக் கதவு ஏற்கெனவே முக்கால்வாசி சாத்தியிருக்கிறது.

வரியை ஏற்றலாம் என்றால், 2017 ஜூலைக்குப் பிறகு பெரும்பாலான பொருள்களின் வரி விகிதம் ஜிஎஸ்டி கவுன்சில் கையில் இருக்கிறது. மாநிலத்தின் கையில் தனியாக மிஞ்சியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி, இன்னும் ஒன்றிரண்டு. 2024-25-ல் டாஸ்மாக் மூலம் வந்தது மட்டும் 48,344 கோடி. குடும்பத் தலைவிக்குப் பணம் தருவதற்கு, குடும்பத் தலைவர் குடிக்கும் பணத்தை அரசு நம்பியிருக்க வேண்டிய நிலைமை என்னை உண்மையிலேயே வருத்தப்படுத்துகிறது. மதுவை நிறுத்துவோம் என்பதையும் மாதாமாதம் பணம் தருவோம் என்பதையும் ஒரே அறிக்கையில் சொல்லும் கட்சியிடம், இந்த 48,000 கோடி இனி எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயமான கேள்வி.

இப்போது ஒரு வாக்குறுதியை மட்டும் எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்போம். 2021-ல் திமுக குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. அதிமுக 1,500 ரூபாய் என்றது, கூடவே ஆண்டுக்கு ஆறு சிலிண்டர், வாஷிங் மெஷின். மாநிலத்தில் இரண்டு கோடிக்கும் மேல் ரேஷன் கார்டுகள் உண்டு. கணக்குக்கு இரண்டு கோடி என்றே வைத்துக்கொண்டாலும், 1,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 24,000 கோடி, 1,500 ரூபாய்க்கு 36,000 கோடி. இந்த அறிக்கைகள் அச்சான நிதியாண்டில் அரசின் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்று 2021 ஆகஸ்ட் மாதம் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை சொன்னது. ஒவ்வொரு வாக்குறுதிக்கும் இவ்வளவு ஆகும், இந்தத் தலைப்பிலிருந்து எடுப்போம் என்ற பட்டியலை இரண்டு அறிக்கைகளிலும் நான் பார்க்கவில்லை.

திட்டம் வந்ததா? வந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஆனால் அதற்குள் 28 மாதங்கள் போயிருந்தன. தகுதிகளும் வந்தன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் என்றால் ஐந்து ஏக்கர், புன்செய் என்றால் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். 1.06 கோடிப் பேரோடு தொடங்கி, 2025-26 பட்ஜெட்டில் 1.15 கோடிப் பேருக்கு 13,807 கோடி ஒதுக்கினார்கள். 1.15 கோடியைப் பன்னிரண்டாயிரத்தால் பெருக்குங்கள், 13,800 கோடி வரும். கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டு கோடிக் கார்டுக்கும் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் 24,000 கோடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 10,000 கோடிக்கு மேல். அந்த 10,000 கோடியை மிச்சம் பிடித்தது 'தகுதி' என்ற ஒற்றைச் சொல்.

தேவையுள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அந்த ஆயிரம் ரூபாய் கேஸ் சிலிண்டருக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் போகிறது. பேருந்துக் கட்டணம் இல்லாததால் பக்கத்து ஊர் மில்லுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்களை எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது இதுதான். கட்டுப்படியாகாத வாக்குறுதி பெரும்பாலும் அப்படியே கைவிடப்படுவதில்லை. அது சுருங்குகிறது. சில சமயம் தகுதி என்ற பெயரில் ஆட்கள் குறைவார்கள். சில சமயம் இரண்டு வருடம் தள்ளிப்போகும். அதுவும் மிச்சம்தான், மாதத்துக்கு ஆயிரம் கோடிக்கு மேல் செலவாகிற ஒன்றை 28 மாதம் தள்ளினால் எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். சில சமயம் தொகையே குறையும். 2021-ல் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றது திமுக. அந்த ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. அந்த மூன்று ரூபாய்க்கே ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று பட்ஜெட் சொன்னது.

இந்த விஷயத்தில் 1967-ஐ நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற அண்ணாவின் வாக்குறுதி, "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றே மக்களிடம் போனது. அந்த ஒரு படியும் சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கி, பணச்சுமை தாங்காமல் பிறகு நின்றது. ஆனாலும் எது ஆசை, எது உறுதி என்று பிரித்துச் சொல்லும் நேர்மை அந்த வாசகத்தில் இருந்தது. இன்றைய அறிக்கைகளில் நூறு, இருநூறு, ஐந்நூறு என்று எண் போட்ட வாக்குறுதிகள் வருகின்றன. அதில் எந்த எண் வரை நிச்சயம், எந்த எண்ணிலிருந்து லட்சியம் என்ற கோடு இல்லை.

ஒரு முறை செலவையும் மாதாமாதச் செலவையும் ஒன்றாகப் பார்த்துவிடக் கூடாது. 2006-ன் வண்ணத் தொலைக்காட்சி, 2011-ன் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் பெரிய செலவுதான். ஆனால் கொடுத்து முடித்தால் முடிந்தது. மாதாமாதம் தரும் தொகையை எந்த அரசாலும் நிறுத்த முடியாது, அடுத்து வருபவர் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஒருவர் ஆயிரம், அடுத்து யாரோ இரண்டாயிரம் என்றால், 2025-26 பட்ஜெட்டில் இருந்த 1.15 கோடிப் பேருக்கே 27,600 கோடி. ஓய்வூதிய வாக்குறுதி இதையும் தாண்டியது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஊழியரும் அரசும் மாதாமாதம் பணம் போடும் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு, முழுச் செலவையும் அரசே ஏற்கும் பழைய ஓய்வூதியம் என்று சொன்னால் முதல் சில வருடங்களில் செலவு பெரிதாகத் தெரியாது, மாதாமாதம் போடும் பங்கு மிஞ்சுவதால் அரசுக்கு லாபம் போலக்கூடத் தெரியும். பில் வரும்போது இன்று கையெழுத்துப் போட்டவர் இருக்க மாட்டார், இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தத் தொலைக்காட்சி, மிக்சி வாக்குறுதிகளை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் சொல்லும் வாக்குறுதி, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றார்கள். அதே தீர்ப்பில், அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறி வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கும் உத்தரவிட்டார்கள். அதன்படி நடத்தை விதிகளில் ஒரு பகுதி சேர்ந்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும், அதற்கான பணத்தைத் திரட்டும் வழியையும் கட்சிகள் பொதுவாகவாவது சுட்டிக்காட்ட வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. 2022 அக்டோபரில் ஆணையம் ஒரு படிவத்தையே முன்மொழிந்தது. எத்தனை பேருக்கு, எவ்வளவு செலவு, எந்த வழியில் பணம் என்று நிரப்ப வேண்டிய படிவம். கிட்டத்தட்ட எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்தான். ஆணையம் எல்லை மீறுகிறது என்று பல கட்சிகள் எதிர்த்தன.

அவர்கள் வாதத்திலும் ஓரளவு நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். எது தேவை, எது வீண் என்று அதிகாரிகள் முடிவு செய்யக் கூடாது. ஆனால் விலையைச் சொல்லச் சொல்வது வேறு, வாங்காதே என்று தடுப்பது வேறு. நெதர்லாந்தில் 1986-லிருந்து கட்சிகள் தாங்களாகவே முன்வந்து அறிக்கையை மத்தியத் திட்டமிடல் அமைப்பிடம் கொடுத்துச் செலவுக் கணக்குப் போட்டு வாங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 2012-லிருந்து நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் இதைச் செய்கிறது, எதிர்க்கட்சிக்கும் சேர்த்து. நம்மிடம் கணக்குத் தெரிந்த ஆட்களுக்கா பஞ்சம்? பட்ஜெட் ஆவணங்கள் நிதித்துறை இணையதளத்திலேயே கிடக்கின்றன.

அது வரும்வரை, வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நீங்களே கேட்கலாம். இது எல்லாக் கார்டுக்குமா, யாருக்குக் கிடைக்காது? எந்த மாதத்திலிருந்து? வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்? எதைக் குறைத்து அல்லது எதை ஏற்றி அந்தப் பணம் வரும்? வேட்பாளருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்து வீட்டில் இதே கேள்வி வந்தால் பதினோராவது வீட்டுக்கு வருமுன் கட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் வருவார். அப்புறம் முக்கியமாக ஒன்று. தள்ளுபடி வரும் என்று நம்பி வட்டியையோ தவணையையோ தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அரசாணை கையில் வரும்வரை கடன் உங்களுடையதுதான்.

அந்த மளிகைக் கடைக்காரர் எட்டு மாதத்தில் வட்டியோடு கட்டி நகையை மீட்டார். போன மாதம் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வந்தபோது, ஏதோ ஒரு கட்சியின் நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். விரித்துக் காட்டினார். இரண்டு வரிகளின் கீழே பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"இது ஆளுக்கா, குடும்பத்துக்காங்க சார்?" என்றார்.

"இதில் போடவில்லை அண்ணா" என்றேன்.

"அப்போ வட்டி கட்டிர்றேன்" என்று நோட்டீஸை மடித்துக்கொண்டார்.