வைட்டமின் மாத்திரையைச் சோதிக்கச் சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு

மருந்துக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வைட்டமின் டப்பாக்கள் இரண்டு வெவ்வேறு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவையாக இருக்கலாம். எனவே தரத்தில் சந்தேகம் வந்தால் முதலில் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருந்தால் அது சட்டப்படி உணவு. 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்ற சொல்லும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற குறிப்பும், ஒரு நாள் அளவும் அதில் இருந்தாக வேண்டும். அந்த முத்திரைக்குப் பதிலாக மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் அது மருந்து. வாரம் ஒன்று என டாக்டர் எழுதித்தரும் 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி பெரும்பாலும் இந்த வகைதான்.

அலகையும் சரிபாருங்கள். வைட்டமின் டி-யில் 40 ஐ.யு. என்பது 1 மைக்ரோகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன தினசரி அளவு 600 ஐ.யு., அதாவது 15 மைக்ரோகிராம். இரண்டு டப்பாக்களின் அளவு மாறுபடுகிறது என்று வரும் சந்தேகம் சில நேரம் இந்தக் கணக்கிலேயே தீர்ந்துவிடும்.

உணவு வகை என்றால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. யார் வாங்கினாலும் கட்டணம் செலுத்தி, அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறலாம். இதில் பலரும் கோட்டைவிடும் ஒரு நிபந்தனை இருக்கிறது: சோதிக்கப் போவதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். வாயால் சொன்னால் பின்னால் நிரூபிக்க முடியாது. 'பகுப்பாய்வுக்காக வாங்கப்படுகிறது' என்று பில்லிலேயே எழுதி, பேட்ச் எண்ணைக் குறித்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பாதி சாப்பிட்ட டப்பாவைக் கொண்டுபோவதில் பயனில்லை. வைட்டமின் சி, ஏ, ஃபோலிக் அமிலம் ஆகியவை வெப்பம், ஈரம், வெளிச்சம் பட்டால் சிதையும். காலாவதி நாள் வரை அளவு குறையக்கூடாது என்பதற்காகவே தயாரிப்பாளர்கள் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். அடுப்பங்கரை அலமாரியில் திறந்து கிடந்த டப்பாவில் அளவு குறைந்தால், நீங்கள் வைத்திருந்த விதம்தான் காரணம் என்பார்கள். முத்திரை பிரிக்காத டப்பாவாக, ஒரே பேட்ச்சில் இரண்டு மூன்று வாங்குங்கள். ஒரு வைட்டமினின் அளவைக் கணிக்க வழக்கமாக 20 மாத்திரைகளை எடைபோட்டுப் பொடித்துக் கலக்குவார்கள். கரைதல் சோதனைக்குத் தனியாக 6 வேண்டும்.

வீட்டில் டம்ளர் தண்ணீரில் போட்டு, கரையவில்லை, போலி என்று முடிவுகட்டாதீர்கள். ஆய்வகத்தில் 37 டிகிரி நீரில் மேலும் கீழும் அசையும் கூடையில் வைத்துத்தான் நேரம் பார்க்கிறார்கள். பூச்சில்லா மாத்திரைக்கு 15 நிமிடம், மெல்லிய படலப் பூச்சுக்கு 30 நிமிடம். மாத்திரை உடைந்து கரைந்தாலும், உள்ளே எவ்வளவு வைட்டமின் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

விண்ணப்பத்தில் 'தரம் பார்க்கவும்' என்று பொதுவாக எழுதாமல், லேபிளில் உள்ள வைட்டமின் பெயர், அறிவித்த அளவு, ஈயம், ஆர்சனிக் போன்ற கன உலோகங்கள், கிருமிகள் என்று வேண்டியதைத் தனித்தனியாக எழுதுங்கள். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. பொருள் தவறு என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை, இந்தச் சட்டத்தை மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தும் நியமன அலுவலருக்குப் போகும். தரம் குறைந்த பொருளுக்கு 5 லட்சம், தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

மருந்து வகைக்கு வழி வேறு. 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ், படிவம் 14-ஏ நிரப்பிக் கட்டணத்துடன் அரசு பகுப்பாய்வாளருக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கடையில், எந்தத் தேதியில் வாங்கியது, ஏன் சோதிக்கச் சொல்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் கேட்கப்படும். அறிக்கை படிவம் 14-பி-யில் வரும்.

சப்ளிமெண்ட் டப்பாவை ஏற்கனவே திறந்துவிட்டீர்களா? அப்போது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுப்பதே சரி. தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பலாம். அதே பேட்ச் கடையில் இருந்தால் அவரே மாதிரி எடுத்து, நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிடுவார். பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய நிறுவனத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதுவரை உங்கள் பில்லையும் மிச்ச மாத்திரையையும் தூக்கிப் போடாதீர்கள்.