கீழாநெல்லி குடித்தால் ஈயம் இறங்குமா?

மண்டபம், தேவிபட்டினம், தொண்டி பக்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிற மீனவர்கள் அடிக்கடி கேட்பது இது: "வலையில கட்டுற குண்டுக்கு ஈயம் காய்ச்சுறோம் டாக்டர். தினம் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா ஈரலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

இதில் பாதி உண்மை இருக்கிறது. ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றுமே உடம்புக்குள் போனதும் கந்தகம் உள்ள மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும். கல்லீரல் செல்லைக் காக்கும் குளுட்டாதயோன் அப்படிப்பட்ட ஒன்று. அது குறைந்தால் செல்லில் உருவாகும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் செல் சவ்வின் கொழுப்பை அரிக்கத் தொடங்கும். மஞ்சளின் குர்குமின், வெங்காயத்தின் குவர்செட்டின், நெல்லிக்காயின் டானின்கள் எல்லாம் இந்தச் சேதத்தைக் குறைப்பதை எலிகளிடம் நடந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆனால் அவற்றில் பலவற்றில், உலோகம் கொடுப்பதற்கு முன்போ கூடவேயோ தாவரச் சாற்றை அடர்த்தியாகக் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் ஈயப்புகையில் நின்றவர் காலையில் குடிக்கும் ஒரு டம்ளர் சாறு அதற்கு ஈடாகாது. அதைவிட முக்கியம், சேதத்தைத் தணிப்பது வேறு, உலோகத்தை வெளியேற்றுவது வேறு. எலும்பில் படிந்த ஈயம் பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது வீட்டுக் கொல்லையில் ஈயம் காய்ச்சுவதுதான். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், விறகடுப்பே போதும். பழைய பேட்டரியை உடைத்துக் காய்ச்சினால் இன்னும் மோசம். அந்தத் தூசு தரையில் படிகிறது, தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் 10 சதவீதம்தான் உடம்பில் சேரும். சிறு குழந்தைக்கு அது 50 சதவீதம் வரை போகும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளைக்கு இன்னும் கூடும். அதே கொல்லையில் முளைத்த கீழாநெல்லியைப் பறித்து அரைக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இலையோடு ஈய மண்ணும் சேர்ந்து வரும்.

குர்குமின் மாத்திரைகளை நானாக யாருக்கும் எழுதுவதில்லை. அவற்றாலேயே கல்லீரல் அழற்சி வந்தவர்கள் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சள் போதும். அதிலும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மெருகேற்றிய கிழங்கு வேண்டாம், நிறத்துக்காக ஈயக் குரோமேட் பூசுவது தெற்காசியச் சந்தைகளில் பிடிபட்டிருக்கிறது.

அப்புறம், கல்லீரல் செயல்பாட்டைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு "எல்எஃப்டி நார்மல்" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பரிசோதனை ஈயத்தைக் காட்டாது. ரத்தத்தில் ஈய அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு மிக அதிகமானால் ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள் உண்டு, அவை மருத்துவர் மேற்பார்வையில்தான்.

ஈயக்குண்டைக் கடையில் வார்த்ததாகவே வாங்கிவிடுங்கள். காய்ச்சியே ஆகவேண்டுமென்றால் குடியிருப்பை விட்டுத் தள்ளி, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். அந்தச் சட்டி சமையலுக்குத் திரும்பக் கூடாது. உடுத்திய துணியைத் தனியாகத் துவைத்து, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள்.