சதுப்பில் கட்டட இடிபாடு கொட்டுகிறார்களா? மனு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு 2022-இல் ராம்சார் தலமானது, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம். ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். ராம்சார் தலம் என்றாலே 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் பொருந்தும். 'இன்னும் தனி அறிவிக்கை வரவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிரப்புவது, ஆக்கிரமிப்பது, குப்பை கொட்டுவது எல்லாமே தடை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கணுக்கால் அளவுத் தண்ணீர் நிற்கும். அக்டோபர் தொடங்கி மார்ச் வரை உள்ளான், உப்புக்கொத்தி போன்ற பறவைகள் அங்கே சேற்றைக் கிளறி இரை தேடும். தண்ணீர் ஆழமானாலும் அவற்றுக்கு ஆகாது, சேறு மூடிப்போனாலும் ஆகாது. பத்து லாரி இடிபாடு போதும், அந்த இடம் முடிந்தது. பக்கத்து வீட்டு அக்கா மனுவோடு ஒன்பது மாதம் அலைந்தார். மூன்று அலுவலகங்களிலும் ஒரே பதில்: 'இது எங்க எல்லை இல்லைம்மா.'

இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது தெரியுமா? ராம்சார் எல்லை காப்புக்காட்டு எல்லையைவிடப் பெரியது. காட்டுக்கு வெளியே விழுந்த இடத்தை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவார்கள். ஆகவே, முதலில் சர்வே எண். வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். கழுவெளி (சதுப்பு நிலம்), புறம்போக்கு என்று இருந்தால் அச்செடுத்து மனுவோடு இணையுங்கள். பட்டா நிலமாகவே இருந்தாலும், பட்டா என்பது சதுப்பை நிரப்ப அனுமதி ஆகாது. மனு மாவட்ட ஆட்சியருக்கு, நகல் மாநில ஈரநில ஆணையத்துக்கு. ஒப்புகை வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.

மே மாதம் வந்து பார்த்துவிட்டு 'தண்ணியே இல்லையே, இது எப்படி ஈரநிலம்?' என்பார்கள். விதியின் விளக்கத்திலேயே நிரந்தரமானது, தற்காலிகமானது இரண்டும் உண்டு. தண்ணீரும் பறவையும் இருக்கும்போதே தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் லாரிக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். தூரத்திலிருந்து வண்டி எண் கிடைத்தால் போதும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு, 10 ரூபாய், 30 நாள். 'ஏன் நடவடிக்கை இல்லை' என்று கேட்காதீர்கள், தட்டிக்கழிக்க வசதியாகிவிடும். என் மனு மீதான கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு மனு போய்விட்டால் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். திருப்பிக் கொடுப்பது சட்டப்படி தவறு.

அக்கா தவறவிட்டது காலக்கெடுவை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். மனு கொடுத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்தே கணக்கு. நான்காவது மாதமும் 'பார்க்கிறோம்' என்றே சொன்னால் அலைவதை நிறுத்திவிட்டு வழக்கைத் தயார் செய்யுங்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.