முயல் தேர்ந்தெடுத்த மூலை

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு முயல் பஞ்சு வந்த முதல் வாரம். அது கழிப்பதற்கான டிரேயைப் பால்கனிக் கதவருகே வைத்திருந்தோம், கழுவ அதுதான் வசதி. பஞ்சு அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா பண்ணாலும் அந்த பீரோ சந்துக்கே போவுது பாரு" என்றார் அம்மா. மூன்றாம் நாள் டிரேயைத் தூக்கி அந்தச் சந்திலேயே வைத்து, மூத்திரத்தில் நனைந்த காகிதத்தையும் ஒரு பிடி புழுக்கையையும் அதற்குள் போட்டோம். இரண்டே நாளில் மூத்திரம் முழுக்க டிரேக்குள் விழுந்தது. நாங்கள் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே எடுத்திருந்த முடிவுக்கு இடம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிய, முயலின் பூர்வீகத்துக்குப் போக வேண்டும். நம் வட ஆற்காட்டுக் கரடுகளிலும் வேர்க்கடலைக் கொல்லைகளிலும் ஓடுகிறதே காட்டு முயல், அது வேறு இனம். வளை தோண்டாது, புதரடியில் தனியாகப் படுக்கும். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குழிமுயல்கள். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. குட்டி மயிரில்லாமல் கண் மூடிப் பிறக்கும். இரண்டுக்கும் குரோமோசோம் எண்ணிக்கையே வேறு, இணைந்து குட்டி போடவும் முடியாது.

கூட்டமாக வாழும் குழிமுயல்கள் தம் எல்லையில் சில இடங்களைப் பொதுக் கழிப்பிடமாக வைத்திருக்கும். ஆசனவாய் அருகே உள்ள சுரப்பிகளின் மணம் புழுக்கையில் ஒட்டி வரும். 'இங்கே ஆள் இருக்கிறது' என்ற சேதி அது. நம் ஊரில் நிலத்துக்கு எல்லைக்கல் நடுவதுபோல. அதனால்தான் டிரேயை ஒவ்வொரு நாளும் பளிச்சென்று கழுவி மணமே இல்லாமல் செய்துவிட்டால் முயல் குழம்பிப்போகும். கொஞ்சம் பழைய காகிதம் உள்ளே இருக்கட்டும். டிரேக்கு வெளியே நாலைந்து உலர்ந்த புழுக்கை கிடந்தாலும் பழக்கம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. புதிய ஆளோ வேறொரு முயலோ வீட்டுக்கு வந்தால் அது கூடும்.

அடுத்த சூட்சுமம் வயிற்றில் இருக்கிறது. முயல் மேயும் நேரத்தில்தான் கெட்டியான புழுக்கையும் வரும். ஒரு நாளைக்கு 200, 300 கூடப் போடும். ஆகவே காய்ந்த புல்லை டிரேயின் ஒரு ஓரத்திலேயே குவித்து வையுங்கள். உட்கார்ந்து தின்னும், அங்கேயே போடும். நமக்கு அருவருப்பாகத் தோன்றலாம், முயலுக்கு இது இயல்பு. என்னைக் கேட்டால், பழக்கும் வேலையில் பாதி இந்தப் புல்லை இடம் மாற்றி வைப்பதிலேயே முடிந்துவிடும்.

ஓய்வு நேரத்தில் வருவது இன்னொரு வகை. மென்மையாக, பளபளப்பாக, சின்னத் திராட்சைக் கொத்துபோல இருக்கும். சீக்கம் என்ற பெரிய குடற்பையில் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்கவைத்து உண்டாக்கும் புரதமும் வைட்டமினும் இதில் உண்டு. முயல் இதை ஆசனவாயிலிருந்து நேரடியாகவே எடுத்துத் தின்றுவிடும், தடுக்கக் கூடாது. தின்னாமல் தரையில் நசுங்கிக் கிடந்தால் அதற்குப் பழக்கம் காரணம் இல்லை. தானியம், பிஸ்கட், கேரட் அதிகமாகியிருக்கும், அல்லது உடல் பருத்து வாய் எட்டாமல் போயிருக்கும்.

டிரேயில் செய்தித்தாளை விரித்து, மேலே வைக்கோலோ காய்ந்த புல்லோ போட்டால் போதும். பூனைக்கு விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண் வேண்டாம். முயல் அதைக் கொறித்தால் குடலுக்குள் இறுகிவிடும். டிரேயின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு ஒரு காரணம் உண்டு. உணவில் உள்ள கால்சியத்தை முயலின் குடல் ஏராளமாக உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றும். வினிகர் ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். நம் பக்கம் எளிதாகக் கிடைக்கிறதென்று வளர்ந்த முயலுக்கு வேர்க்கடலைக் கொடியையே தினமும் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயறு வகைக் கொடிகளில் கால்சியம் அதிகம். மூத்திரம் சுண்ணாம்புக் குழம்புபோல வந்தால் சாதாரணப் புல்லுக்கு மாறுங்கள். சில நாள் மூத்திரம் சிவப்பாக இருப்பது பெரும்பாலும் தின்ற செடியின் நிறமிதான். ரத்தமா என்ற சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் நான்கிலிருந்து ஆறு மாத வயதுக்குள் எல்லாம் தலைகீழாகும். ஹார்மோன் வேலை அது. சுவரில் மூத்திரம் பீய்ச்சும், காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், உறுமிக்கொண்டு பாயும். பஞ்சுவை ஆண் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். ஒருநாள் அது வாயில் புல்லைக் கவ்விப் பீரோ சந்துக்குக் கொண்டுபோய், தன் மார்பு மயிரையே பிடுங்கி மெத்தை போட்டது. ஆண் இல்லாமலேயே பெண்முயலுக்கு வரும் பொய்ச்சினை. இரண்டரை வாரத்தில் தானாகவே போய்விடும். அதுவரை கூட்டைக் கலைக்காமல் விட்டோம்.

நிரந்தரத் தீர்வு கருத்தடை ஆபரேஷன். பெண்முயலுக்கு அது கருப்பைப் புற்றுநோயையும் தடுக்கிறது. ஆபரேஷன் செய்யாமல் வயதான பெண்முயல்களில் அந்த நோய் மிகச் சாதாரணம். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவராகத் தேடுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதன் குடலும் நிற்கக் கூடாது. எனவே நாயைப்போல இரவு முழுக்கப் பட்டினி போடச் சொல்வதில்லை. ஆண்முயலை ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்கள் பெண்ணிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

கூண்டுக்குள் கை விட்டால் பாய்கிறதா? முயலின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது அதற்குத் தெரியாது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. பக்கத்திலிருந்து மெதுவாகக் கொண்டுபோய் நெற்றியில் தடவுங்கள். அது வெளியே இருக்கும்போது டிரேயை மாற்றுங்கள். அடிப்பதும் தண்ணீர் தெளிப்பதும் வேண்டவே வேண்டாம். இரையாக வாழ்ந்து வந்த உயிர், அடித்தால் நம்மைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும்.

நன்றாகப் பழகிய முயல் திடீரென்று டிரேக்கு வெளியே கழிக்கத் தொடங்கினால் மூத்திரப்பைக் கோளாறோ மூட்டுவலியோ இருக்கலாம். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசரம், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம் வேலூர் வெயில். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். இங்கே மே மாதத்தில் 40ஐத் தாண்டும். மொட்டை மாடியில் கூண்டு வைக்கவே கூடாது. போன அக்னி நட்சத்திரத்தில் பஞ்சு பீரோ சந்தை விட்டுவிட்டுக் குளியலறை வாசல் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே ஓரமாக இரண்டாவது டிரேயை வைத்தோம், பழைய காகிதம் ஒரு துண்டும் புல்லும் போட்டு. அன்று மாலையே ஏறி உட்கார்ந்து தின்றது.