வெறும் 3.7 வோல்ட்தானே என்று சொல்லாதீர்கள்

ஏற்காட்டிலிருந்து ஒருவர் அட்டைப்பெட்டியில் ஒரு மர டிராமைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அவரும் மகனும் விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஒட்டியது. சான் பிரான்சிஸ்கோ கேபிள் கார், 1:24 அளவு. ஜன்னல் சட்டம், படிக்கட்டு, பித்தளைக் கைப்பிடி என்று வேலை அவ்வளவு சுத்தம். திருப்பிப் பார்த்தால் அடிப்பலகை கரி. பெஞ்சுக்குக் கீழே மூன்று விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை, மேஜை விரிப்போடு போயிற்று. "மோட்டாருக்கு வெறும் 3.7 வோல்ட்டு பேட்டரிதானுங்க போட்டேன். தொட்டாக்கூட ஷாக் அடிக்காது. எப்படிங்க பத்திக்கும்?" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் சேலத்தில் யுபிஎஸ், இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் பார்ப்பவன். மாடல் செய்கிறவர்களுக்கு மோட்டாரும் கியரும் பொருத்திக் கொடுப்பது பக்க வேலை. அறிவியல் கண்காட்சி லிஃப்ட், பொம்மை ஜீப், எல்இடி போட்ட கொலு செட் என்று எது கருகி வந்தாலும் கூடவே இந்த வசனமும் வருகிறது. ஆகவே ஒரு தடவை விரிவாக எழுதிவிடுகிறேன். அடுத்து யாராவது கேட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிடலாம்.

ஷாக் வேறு, தீ வேறு. ஷாக் அடிக்க வேண்டுமென்றால் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போக வேண்டும். காய்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். 50,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 3.7 வோல்ட்டுக்கு ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாது. உங்களுக்கு எதுவும் தெரியாது. சரி, இப்போது அதே செல்லின் பாசிட்டிவையும் நெகட்டிவையும் ஒரு பித்தளைக் கம்பி சேர்த்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் உள்தடை, கம்பி, தொடும் இடம் எல்லாம் சேர்த்து 0.1 ஓம் என்றே போடுவோம். ஓடுவது 37 ஆம்பியர். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 137 வாட். என் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதை ஒரு பிளைவுட் துண்டின் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவீர்களா? மாட்டீர்கள். அதைப் போல ஐந்து மடங்கு சூட்டை, வார்னிஷ் அடித்த மரப்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "ஷாக் அடிக்காதுங்க" என்றால் நான் என்ன சொல்ல?

கல்கத்தா டிராம் ஓடுவது 550 வோல்ட் டிசியில். அந்தக் கம்பியைத் தொட யாருக்கும் தைரியம் வராது, அது நியாயம். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு வோல்ட் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. கையைக் காப்பாற்றும் அளவுக்கு வோல்ட் குறைவாக இருக்கலாம். மரத்தை எரிக்க வேண்டியது ஆம்பியர், அது இந்த டிராமில் இருந்த 18650 என்ற உருளை வடிவ லித்தியம் செல்லில் தாராளமாக இருக்கிறது. 2,600 எம்ஏஎச் (செல்லின் கொள்ளளவைச் சொல்லும் கணக்கு) செல் ஒன்றில் இருக்கும் மின்சாரத்தை அப்படியே சூடாக்கினால் ஒரு சின்ன டம்ளர், அதாவது 100 மில்லி தண்ணீர் கொதிக்க ஆரம்பித்துவிடும். செல்லுக்குள் இருக்கும் ரசாயனம் எரிந்தால் வருவது அதற்கு மேல் தனிக்கணக்கு.

இந்த டிராமில் என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தேன். இந்த மாதிரி செல்லின் அமைப்பு பலருக்குத் தெரியாது. தலையில் இருக்கும் மொட்டு மட்டும்தான் பாசிட்டிவ். அடியும் பக்கமும் மட்டுமல்ல, அந்த மொட்டைச் சுற்றியுள்ள விளிம்பு வரைக்கும் எல்லாம் நெகட்டிவ். நடுவில் காப்பாக இருப்பது ஒரு வெள்ளைக் காகித வளையமும் மேலே சுருக்கிப் போட்ட பிளாஸ்டிக் உறையும்தான். அந்த உறை நகத்தால் கீறினால் கிழிகிற அளவுக்கு மெல்லியது. டிராமில் பெஞ்சைத் தாங்கும் பித்தளைக் கம்பியின் நுனியை வெட்டாமல் பலகைக்குக் கீழே நாலு மில்லிமீட்டர் நீட்டி விட்டிருந்தார்கள். ஓடும்போது ஏற்பட்ட அதிர்வில் அந்த நுனி உறையைக் குத்திக் கிழித்திருக்கிறது. கம்பியின் மறுமுனை சுவிட்சின் பாசிட்டிவ் காலை ஒட்டி இருந்தது. வேறென்ன வேண்டும்? கம்பி மட்டும் கறுத்துப்போய் அப்படியே இருந்தது, சுற்றியிருந்த மரம்தான் இல்லை. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் உருகி ஒன்றாகி, எது எது என்று பிரிக்க முடியவில்லை. நடுவில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு பாலிஃபியூஸ் (கரண்ட் எல்லை மீறினால் தானே தடுத்து, ஆறியதும் பழையபடி ஆகிற ஃபியூஸ்) இருந்திருந்தால்? பேட்டரியின் பாசிட்டிவுக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்திருந்தால், சுவிட்ச் கால் வழியாக ஓடிய கரண்ட் அதைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். டிராம் நின்றிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அடுத்தது வேகப் பைத்தியம். "மெதுவாப் போகுதுங்க, இன்னொரு செல் சேர்த்துக் குடுங்க" என்று கேட்காத ஆளே இல்லை. முதலில் ஒரு விஷயம்: நிஜமான சான் பிரான்சிஸ்கோ கேபிள் காரில் மோட்டாரே கிடையாது. சாலைக்கு அடியில் ஓயாமல் ஓடும் எஃகுக் கயிற்றை வண்டியிலிருந்து இடுக்கியால் பிடித்துக்கொண்டு போகும். கயிற்றின் வேகம் மணிக்கு 15.3 கிலோமீட்டர் சுமார். அதை 24-ஆல் வகுத்தால் உங்கள் மாடல் நொடிக்கு 18 சென்டிமீட்டர் போக வேண்டும். ஒரு முழம்கூட இல்லை. 30 மில்லிமீட்டர் சக்கரம் என்றால் நிமிடத்துக்கு 115 சுற்று. கடையில் பிஓ மோட்டார் என்று மஞ்சள் நிறத்தில் கிடைக்கிறதே, அதில் 100 ஆர்பிஎம் வகையைக் கேட்டு வாங்கி நாலு ஏஏ செல்லில் ஓட்டினால் ஏறக்குறைய நிஜ வண்டியின் நடை கிடைத்துவிடும். சைக்கிளில் போகிறவன் முந்திக்கொண்டு போகும் வண்டி அது. உங்கள் வீட்டு ஹாலில் அதை வந்தே பாரத் மாதிரி விரட்டி என்ன சாதிக்கப் போகிறீர்கள்? அதற்காக இரண்டு லித்தியம் செல் சேர்த்து 8.4 வோல்ட் ஏற்றினால் கருகுவது மோட்டார்தான். (அளவில் கறாரானவர்களுக்கு: கடையில் கிடைக்கும் 45 மி.மீ. தண்டவாளம் 1:24 கணக்கில் இந்த வண்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். நிஜத்தில் அதன் தண்டவாள அகலம் 1,067 மி.மீ. மெட்ராஸில் 1895-இல் ஆரம்பித்து 1953-இல் நின்றுபோன டிராமைச் செய்யப் போகிறவர்கள் தனியாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.)

மோட்டார் எப்போது அதிகம் சூடாகும் தெரியுமா? நிற்கும்போது. அந்த மஞ்சள் மோட்டார் 6 வோல்ட்டில் சும்மா சுற்றினால் சுமார் 160 மில்லி ஆம்பியர் இழுக்கும். சக்கரம் சிக்கி நின்றுவிட்டால் 1.5 ஆம்பியர். அதாவது ஒன்பது வாட், சுற்றாத ஒரு சின்ன மோட்டாருக்குள். "ஓடலையே" என்று பையன் சுவிட்சை ஆன் செய்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாற்றம் வந்த பிறகுதான் அம்மா ஓடி வருவார்.

ஏன் சிக்கி நிற்கிறது என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. ஏப்ரல் வெயிலில் சேலத்தில் உட்கார்ந்து அச்சுத் துளையைக் கச்சிதமாகப் போட்டு ஒட்டுவார்கள். மழைக்காலத்தில் 1,500 மீட்டர் உயரத்துக்கு, மூடுபனிக்குள், ஏற்காட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். மரம் ஈரத்தைக் குடித்து இழைக்குக் குறுக்கே உப்பும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வெட்டு விளிம்பு இன்னும் மோசம். அச்சு இறுகிவிடும். "கீழே ஓடுச்சு, மேலே போனா ஓடலைங்க" என்று வருகிற பாதி கேஸ் இதுதான், மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. அச்சு நேராக மரத்தில் சுற்றக் கூடாது. துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு ஒரு துண்டு பித்தளைக் குழாயை அதில் செருகி, அதற்குள் அச்சு சுற்றட்டும். துளையின் உள்பக்கம் உட்பட எல்லா வெட்டு விளிம்பிலும் சாண்டிங் சீலர் அடியுங்கள். சக்கரத்தை விரலால் தட்டினால் இரண்டு மூன்று சுற்றாவது சுற்ற வேண்டும். அது நடக்காத வரை மோட்டாரைப் பெட்டியிலிருந்தே எடுக்காதீர்கள்.

வயரிங்குக்கு வருவோம். குழந்தை செய்யும் மாடலா? ரீசார்ஜ் செய்யும் ஏஏ செல் நாலு, மூடி உள்ள ஹோல்டர், அரை ஆம்பியர் பாலிஃபியூஸ், சுவிட்ச். முடிந்தது. ஏஏ செல்லும் ஷார்ட் ஆனால் கை சுடும், ஆனால் லித்தியம் அளவுக்கு ஆட்டம் காட்டாது. லித்தியம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் பெரியவர்களுக்கு: புதுச் செல், பில்லோடு. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் வேண்டாம். 18650 மேல் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் அது பொய். நல்ல கம்பெனி செல்லில் சாதாரணமாக 3,500 வரைதான் பார்க்க முடியும். அளவிலேயே பொய் சொல்கிறவன் உள்ளே என்ன வைத்திருப்பான் என்று யோசியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்கள் சிலரும் மாடல் செய்கிறார்கள். சூடு என்றால் என்ன, பற்றவைப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் அண்ணன்மார்களே, செல்லின் தலையில் நேராக சால்டர் வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் தடுப்பைக் கெடுத்துவிடும், கெட்டது வெளியே தெரியாது. ஹோல்டர் போடுங்கள், இல்லாவிட்டால் நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்லாக வாங்குங்கள்.

சார்ஜ் செய்ய டிபி4056 போர்டு போதும், விலையும் குறைவு. ஓரத்தில் பி ப்ளஸ், பி மைனஸ் மட்டும் இருந்தால் அது வெறும் சார்ஜர். கூடவே அவுட் ப்ளஸ், அவுட் மைனஸும் இருந்தால்தான் பாதுகாப்பு ஐசி உள்ள வகை, அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மோட்டாரை அவுட்டில்தான் கொடுக்க வேண்டும். அந்த போர்டு ஒரு செல்லுக்கு மட்டும். இரண்டு செல்லை வரிசையாக இணைத்துவிட்டு அதில் சார்ஜ் போட நினைக்காதீர்கள். மொபைல் சார்ஜர் வயரை வெட்டி 5 வோல்ட்டை நேராகச் செல்லில் கொடுக்கும் புத்திசாலிகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். லித்தியம் செல்லுக்கு 4.2 வோல்ட்டோடு எல்லை முடிந்தது. சார்ஜ் ஏறும்போது செல் டிராமுக்குள் இருக்கக் கூடாது. வெளியே எடுத்து, டைல்ஸ் தரையில் வைத்து, நீங்கள் விழித்திருக்கும்போது போடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர் க்ளூ சிந்தினால் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது சட்டென்று இறுகிப் புகைகிற அளவுக்குச் சூடாகும், விரல் பொத்துப்போகும். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள், இழுக்க வேண்டாம். தின்னர் அடித்த அன்று சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம்.

எவ்வளவு சொன்னாலும் ஒரு நாள் ஒரு செல் சூடாகும். உப்பினாலோ, சீறல் சத்தம் கேட்டாலோ, இனிப்பும் காரமுமாக ஒரு ரசாயன வாடை வந்தாலோ டிராமைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். நெருப்பு இன்னும் வராவிட்டால் இடுக்கியால் பிடித்து வாசலுக்கு வெளியே போடுங்கள். பற்றிவிட்டால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தள்ளி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று யாரோ சொன்னதாகச் சொல்வார்கள். இந்த அளவுச் சின்ன செல்லுக்கு வேண்டியது குளிர்ச்சி, அதைத் தண்ணீர்தான் கொடுக்கும். புகை விஷம், அதை மட்டும் சுவாசிக்காதீர்கள். பெரிதானால் 101-ஐ அழையுங்கள்.

அணைந்த செல், உப்பின செல், உறை கிழிந்த செல் எதுவானாலும் மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடாதீர்கள். அந்த வண்டிக்குள் அழுத்தும்போது மறுபடி பற்றும், நசுங்குவது அந்தத் தொழிலாளியின் கைக்குப் பக்கத்தில். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு கண்ணாடி பாட்டிலில் மணலோடு போட்டு, பேட்டரி விற்கும் கடையிலோ என்னைப் போன்ற சர்வீஸ் கடையிலோ கொடுங்கள். நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன், காசு எதுவும் வேண்டாம். டேப் மட்டும் ஒட்டிக் கொண்டுவாருங்கள்.